காரணம் தெரியாத வலி பொய்வலியா?

சிறுநீரில் இரத்தம் கலந்து வருகிறது; இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலிக்கிறது. படம் எடுத்துப் பார்க்கிறார்கள்; கல் இல்லை, கட்டி இல்லை. உடனே “சூடு, இளநீர் குடி” என்பார் ஒருவர். “லீவுக்குப் போடும் வேஷம்” என்பார் மேஸ்திரி. நாம் கேட்கிறோம்: காரணம் தென்படவில்லை என்றால் நோயே இல்லை என்று பொருளா?

முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது பெருந்தமனி. அதிலிருந்து குடலுக்கு இரத்தம் கொண்டு போகும் கிளையொன்று பிரிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் வழியேதான் இடது சிறுநீரகத்தின் சிரை வர வேண்டும். இடுக்கு குறுகினால் சிரை நசுங்கும். பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கின் கதிதான்! மேனாட்டாரும் கொட்டை உடைக்கும் கருவியை நினைத்தே ‘நட்கிராக்கர்’ என்றனர். 1950-இல் எல்-சதர், மீனா என்ற இருவர் இந்நோயை எழுதினர். 1972-இல் தெ ஷெப்பர் அப்பெயரை வழங்கினார்.

வழி அடைபட்டால் இரத்தம் தேங்கும்; அழுத்தம் ஏறும்; மெல்லிய குழாய்கள் கசியும்; சிறுநீர் சிவக்கும். இடது விரையின் சிரையும் இங்கேதான் வந்து சேருவதால், அங்கும் நரம்பு புடைக்கும். இதை வெட்கப்பட்டு மறைக்காதீர்!

கண்டறிவது எப்படி? கல், காசநோய், புற்றுநோய் இல்லையென்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறகு டாப்ளர் ஸ்கேன். அது சிரையின் அகலத்தையும் இரத்தம் பாயும் வேகத்தையும் காட்டும். அடுத்து சி.டி. ஸ்கேன். ஐயம் தீராவிட்டால், சிரைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள். சிறுநீரகச் சிரைக்கும் பெருஞ்சிரைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு இயல்பில் 1 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டாது. 3-ஐ எட்டினால் ஐயம் வலுக்கிறது.

ஆனால் படத்தில் சிரை நசுங்கித் தெரிந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். நலமாக இருப்போரிலும் அது தெரிவதுண்டு. தொல்லை சிறிதானால் கத்தி தேவையில்லை. ஒல்லியான இளைஞருக்கு உடல் எடை கூடினாலே இடுக்கு விரிவதுண்டு. 18 வயதுக்குட்பட்டோரை இரண்டாண்டேனும் கவனித்துப் பார்ப்பதே வழக்கம். இரத்தப்போக்கும் வலியும் விடாது வாட்டினால், சிரையை வெட்டிச் சற்றுக் கீழே பெருஞ்சிரையில் இணைக்கும் அறுவை உண்டு. உள்ளே ஸ்டென்ட் வைக்கும் முறையும் உண்டு. அது இடம் பெயர்ந்து இதயம்வரை போகக்கூடும் என்பதால் எச்சரிக்கை வேண்டும்.

சிறுநீரில் இரத்தம் ஒருமுறை கண்டாலும், வலி இல்லையென்றாலும், மருத்துவரிடம் செல்லுங்கள். காரணம் கிடைக்கும்வரை கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உழைப்பவனின் உரிமை!