ஆச்சிக்கு வாசித்துக் காட்டிய பிள்ளைகள்

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிற சீவலப்பேரிக்குக் கதை என்றைக்கும் பஞ்சமில்லை. முக்கூடற்பள்ளுக்குக் களமான மண் இது. சுடலைமாடசாமி கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கட்டினால், அம்மா மடியில் பாதி தூக்கமும் பாதி விழிப்புமாகக் கிடந்தே பிள்ளைகள் முழுக்கதையையும் கேட்டுவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குள் புத்தகத்தை விரித்து வாசிக்கிற பழக்கம் நம் பக்கத்துக்கு வந்த வழி தனி.

சினிமாவிலும் விளம்பரத்திலும் அம்மாதான் கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தைக்கு வாசிக்கிறார். நம் கிராமத்து வீடுகளில் பல தலைமுறைகளுக்கு அது தலைகீழாக நடந்தது. எழுத்தறியாத ஆச்சிக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரனோ பேத்தியோ வாசித்துக் காட்டினார்கள். சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சடித்த 'பெரிய எழுத்து' புத்தகங்கள் இதற்கென்றே வந்தவை போல இருந்தன. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை எல்லாம் அப்படி வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கல் வெளிச்சத்துக்கும் அந்த எழுத்து தோதாக இருந்தது.

நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிற இடம் வந்தால் ஆச்சிக்குத் தாங்காது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்துல மக்கா, அவ அண்ணங்காரன் வந்தானான்னு முதல்ல பாரு" என்பாள். பிள்ளைக்குப் பொருள் தெரியாத சொல்லை ஆச்சி சொல்லிக் கொடுப்பாள். ஆச்சிக்குத் தெரியாத எழுத்தைப் பிள்ளை சொல்லும். நடுவில் கதை நின்று, பஞ்ச காலத்தில் தன் வீட்டில் என்ன காய்ச்சிக் குடித்தார்கள் என்று ஆச்சி ஆரம்பித்துவிடுவாள். குடும்பத்தின் பழங்கதை பிள்ளைக்குக் கிடைத்தது அந்த இடைவெளியில்தான். வாசிப்பைவிட, வாசிப்பு நின்ற அந்த நேரத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தது. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன், வேதாளத்தைத் தோளில் சுமந்தபடி வீடு வீடாக நுழைந்தான். கதை முடிவில் வேதாளம் கேள்வி கேட்கும். மன்னன் பதில் சொல்வதற்குள் புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டு, அப்பா ஒரு பதில், அக்கா ஒரு பதில் என்று வாதாடிய வீடுகள் உண்டு. அப்பாவை எதிர்த்துப் பேச அனுமதி கிடைத்த ஒரே நேரம் அது! 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, வாசிப்பு அண்ணன் தம்பிகளின் கைக்கு மாறியது.

இந்த வரிசையில் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற ரஷ்யப் புத்தகத்தை நான் தனியாக வைப்பேன். அலெக்சாந்தர் ரஸ்கின், அடிக்கடி நோயில் படுத்த தன் மகள் சாஷாவுக்குச் சொன்ன கதைகள் அவை. காருக்கடியில் பந்தை உருட்டிவிட்ட சின்னப் பையன்தான் இப்போது பெரிய ஆளாக நிற்கிற அப்பா என்று தெரியும்போது குழந்தைக்கு எவ்வளவு ஆறுதல்! தமிழில் அதை வாசிக்கிற எந்தப் பிள்ளையும் அடுத்து, "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ என்ன சேட்டை செஞ்சீங்கப்பா?" என்று கேட்காமல் விடாது. அணைக்கட்டிலிருந்து ஆற்றில் குதித்து அடி வாங்கிய கதையை அப்பா சொல்லியே ஆக வேண்டும்.

பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014-ல் பெற்றோருக்கு அறிவுரை சொன்னது. நல்ல அறிவுரை. ஆனால் வயலுக்கும் பீடிக் கடைக்கும் போய்விட்டு வருகிற தாய், "எனக்கு வாசிக்க வராதே" என்று ஒதுங்கிவிடக் கூடாது. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-ல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. கீழடியைப் பற்றிய அந்தக் கதையை ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் வாசிக்காவிட்டால் எப்படி?

பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு போய் ஒரு கதைப் புத்தகம் எடுத்து வாருங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டிலேயே மூத்தவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் தடுக்காதீர்கள்.