தகரக் கொட்டகையும் கம்பியில்லா அலைகளும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல், வேர்க்கடலை, கரும்பு முதலிய பயிர்களுக்குக் கிணற்று நீர் பேருதவியாய் இருந்து வருகிறது. இரவில் வயலுக்குச் செல்லாமல், வீட்டிலிருந்தே கைபேசியினால் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவியைக் குடியானவர்கள் பலர் உபயோகித்து வருகின்றனர். இக்கருவியை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, அப்பெட்டியைத் தகரக் கொட்டகைக்குள் மாட்டினால், நிறுத்தும் கட்டளை சில வேளைகளில் அதற்கு எட்டுவதில்லை. கிணறு வற்றிய பின்னும் மோட்டார் ஓடுமாயின் பம்பு பழுதாகி, பயிரும் வாட நேரிடும். இதற்குப் பெரும்பாலும் காரணம் கருவியன்று. அதைச் சூழ்ந்துள்ள உலோகமேயாம்.

கட்டளையைக் கொண்டு வருபவை கம்பியில்லா அலைகள். இவை உலோகத்தின் மீது பட்டதும், அதிலுள்ள மின்னணுக்கள் அசைந்து எதிர் அலையை எழுப்புகின்றன. ஆகவே, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல் அலை திரும்பிவிடுகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1888ஆம் ஆண்டில் பெரியதொரு துத்தநாகத் தகட்டைக் கொண்டு இதனை மெய்ப்பித்தார். நமது கூரைத் தகரமும் துத்தநாகம் பூசிய இரும்பே. தகடு மெல்லியதாயினும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம் செல்வதற்குள் கைபேசி அலை பெரும்பாலும் அடங்கிவிடும்.

900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதனினும் மிகச் சிறிய துவாரத்தின் வழியே அது எளிதில் நுழையாது. திறந்த ஜன்னல் வழியே ஓரளவு புகும். மத்திய அலை ரேடியோவின் அலை நீளமோ சில நூறு மீட்டர். ஆகையால் தகரக் கொட்டகையில் ஜன்னல் திறந்திருந்தும் அந்த ரேடியோ மங்கி ஒலிக்கிறது. காய்ந்த ஓலையும் ஓடும் இவ்வாறு தடை செய்வதில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே பெட்டியில் கை வைத்தல் வேண்டும். அலை வரட்டும் என்று பெட்டிக் கதவைத் திறந்து வைப்பது உயிருக்கு ஆபத்து.

2. கருவியின் ஏரியலை மட்டும் கம்பி மூலம் கூரைக்கு மேலே கொண்டுவருக. மின்கம்பிகளின் அருகே அதனை வைக்கலாகாது.

3. ஏரியலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்கலாகாது. காந்த அடியுள்ள ஏரியலை இரும்புத் தகரக் கூரையின்மேல் நிமிர்த்தி வைத்தால், உள்ளே தடை செய்த அதே தகரம் அலையைத் திருப்பித் துணை செய்யும்.

4. அலை என்றேனும் தவறக்கூடும். ஆகவே, நீர் வற்றியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சாதனமும் அவசியம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின், ஒரு முழ ஏரியல் கம்பியால் நீங்கக்கூடிய குறைக்காகக் கருவியையே மாற்றும் வீண் செலவு குறையும்.