உங்களுக்குத் தெரியுமா? சீட்டு கிழிந்த பிறகும் காசு

● அம்மையார்குப்பத்தில் வீட்டோடு நாலு தறி ஓட்டுகிறவர் "நாளையிலிருந்து வராதே" என்றால் அதோடு கணக்கு முடிந்தது. இ.எஸ்.ஐ. அங்கே எட்டாது, 10 பேராவது வேலை பார்க்க வேண்டும். அதே தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போகிறவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், வேலை போன பிறகும் கொஞ்ச நாளைக்குக் காசு வாங்கலாம்.

● திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். 'அடல்' என்று மட்டும் கேட்டால் ஓய்வூதியத் திட்டத்தைக் காட்டிவிடுவார்கள். 2018 ஜூலையில் வந்தபோது சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம். கொரோனா காலத்தில் 50 ஆனது. ஆயுளுக்கே 90 நாள்தான். நாளைக்கு 500 ரூபாய் வாங்கியவருக்கு 50 சதவீதக் கணக்கில் 22,500 ரூபாய்.

● ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக வேலை போயிருந்தால் இதில் ஒரு பைசா கிடையாது. விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இல்லை. வேலைநீக்கக் கடிதத்தில் 'ஆள்குறைப்பு' என்று இருக்கிறதா, 'ஒழுங்கு நடவடிக்கை' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

● பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் இவ்வளவு கறார் இல்லை. தப்பு செய்து வேலை இழந்தவருக்கு ஆறு வாரம் பணம் நிறுத்தம், அவ்வளவுதான்.

● எது ஒழுங்கீனம்? அமெரிக்காவின் விஸ்கான்சினில் விபத்துகளுக்காக நீக்கப்பட்ட ஒரு டாக்சி டிரைவரின் வழக்கில் 1941இல் தீர்ப்பு வந்தது. வேண்டுமென்றே முதலாளியின் நலனைக் கெடுப்பதுதான் ஒழுங்கீனம். எப்போதாவது நேரும் கவனக்குறைவும் திறமைக் குறைவும் அதில் சேராது. நம் ஊர் சூப்பர்வைசர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு.

● சஸ்பெண்ட் ஆனவரைப் பட்டினி போட முடியாது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுசு.

● கோலார் தங்கச் சுரங்கத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. வீட்டில் தங்கம் சிக்கியதாகச் சொல்லி 1985இல் சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. விசாரணைக்கு வந்து போகவும் கையில் காசில்லை. அவர் இல்லாமலேயே விசாரித்து மறுவருடம் டிஸ்மிஸ். அதே குற்றச்சாட்டில் கிரிமினல் கோர்ட் அவரை விடுவித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் வேலையையும், சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து முழுச் சம்பள பாக்கியையும் கொடுக்கச் சொன்னது. இடையில் போனது 14 வருடம்!

● பணிக்கொடையையும் பறிக்கலாம், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. கிரிமினல் கோர்ட் தண்டித்திருக்கத் தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், டிக்கெட் காசில் கைவைத்த மகாராஷ்டிர பஸ் கண்டக்டர்களிடம் கால் பங்கு மட்டும் பிடிக்கச் சொன்னது. எடுத்த தொகை அவ்வளவு சின்னது.

● பி.எஃப்.? எந்தக் காரணத்துக்காக டிஸ்மிஸ் ஆனாலும் அது உங்கள் பணம்.