டாம்பன்: வீண் அச்சமும் தக்க ஜாக்கிரதையும்

மாதவிடாய் நாளில் நீச்சல் பயிற்சிக்கோ நெடும்பயணத்துக்கோ போக வேண்டியிருக்கும் ஒரு பெண், நாப்கினுக்குப் பதிலாக டாம்பனை உபயோகித்துப் பார்க்கலாமா என்று வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில், அவளைச் சூழ்ந்திருப்பவர்கள் இரண்டு பயங்களை அவள் மனத்தில் விதைத்துவிடுகிறார்கள்: அது கன்னித்தன்மையைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று, உள்ளே போய்த் தொலைந்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஆதாரமில்லை. மெய்யாகவே ஜாக்கிரதை வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. அதைப் பற்றி எச்சரிப்பார் யாரையும் காணோம்.

பஞ்சையோ ரேயான் இழையையோ இறுக்கி, விரற்கட்டை அளவுக்கு உருளையாகச் செய்து, அடியில் ஒரு நூலைப் பிணைத்த சாதனமே டாம்பன். யோனிக்குள் தங்கி, உதிரத்தை அங்கேயே உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. அமெரிக்காவில் டென்வர் நகரத்து வைத்தியரான ஏர்ல் ஹாஸ், ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரு அட்டைக் குழல்களின் உதவியால் அதை உட்செலுத்தும் முறையை வகுத்து 1933-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் ஜெர்மனியில் ஜூடித் எஸ்ஸர் என்ற பெண் மருத்துவரின் யோசனைப்படி, குழலே இல்லாமல் விரலாலேயே செலுத்தும் வகை உருவாயிற்று. இன்று இவ்விரு வகைகளும் கிடைக்கின்றன. எது சௌகரியம் என்பது அவரவர் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

கன்னிச்சவ்வு என்று சொல்லப்படுவது வாயிலை அடைத்து நிற்கும் கதவன்று. விளிம்பைச் சுற்றி அமைந்த மெல்லிய மடிப்பு. உதிரம் வெளியேறுவதற்கு அதில் இயற்கையாகவே திறப்பு உண்டு. அது நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையுடையது. சிலருக்குப் பிறவியிலேயே அது பெயரளவில்தான் இருக்கும். டாம்பனால் அது சிறிது விரிந்தாலும், சில வேளை லேசாகக் கிழிந்தாலுங்கூட, அதனால் யாருடைய கன்னிமையும் போய்விடுவதில்லை. அச்சவ்வைப் பரிசோதித்து ஒருத்தியின் தாம்பத்திய அனுபவத்தை நிர்ணயிக்க முடியாதென்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாக அறிவித்தது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களிடம், யோனிக்குள் விரல்விட்டுச் சோதிக்கும் ‘இரு விரல் பரிசோதனை’ நடத்தலாகாதென நமது உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டித்துத் தீர்ப்பளித்தது. நீதிமன்றமே தள்ளிய அளவுகோலைக் குடும்பங்கள் இன்னும் கையில் வைத்திருப்பது விசித்திரமே. தொலைந்துபோகும் என்ற பயத்துக்கோ இன்னும் எளிதான பதில் உண்டு: யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது, அதன் துவாரம் டாம்பன் நுழைய முடியாத அளவுக்கு நுண்ணியது. ஆகையால் அது போவதற்கு வேறு இடமே கிடையாது.

முதல் முயற்சிக்கு உதிரப்போக்கு நன்றாக உள்ள ஒரு நாளையும், அவசரமில்லாத ஒரு வேளையையும், கிடைப்பதில் மிகச் சிறிய அளவையும் தேர்ந்தெடுப்பது உத்தமம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பிறகு, குந்தி உட்காரலாம். அல்லது ஒரு காலைச் சற்று உயரமான இடத்தில் வைத்து நிற்கலாம். இந்திய முறைக் கழிவறையில் அமர்ந்து பழகியவர்களுக்குக் குந்தும் நிலையே சுலபமாக இருக்கும். முதல் முறை முயல்வோர் பெரும்பாலும் இடறுவது திசை விஷயத்தில்தான்: யோனி நேர் மேலாகச் செல்லும் பாதை அல்ல, பின்புறமாகச் சாய்ந்து செல்வது, எனவே முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சரிவாகச் செலுத்த வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுத் தசைகளைத் தளர்த்திக்கொண்டு, விரல் செல்லும் அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டால், நூல் மட்டும் வெளியே தொங்கும். சரியாக அமைந்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. உறுத்தினால் போதிய அளவு உள்ளே போகவில்லை என்று கொள்ளலாம். வலித்தால் பலவந்தம் கூடாது. அன்று விட்டுவிட்டு வேறொரு நாள் முயலலாம். எத்தனை முறை முயன்றும் வலியே மிஞ்சுமானால், உறுப்பின் அமைப்பிலோ தசையின் இறுக்கத்திலோ காரணம் இருக்கக்கூடும்; அதை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக்கொள்வதில் வெட்கத்துக்கு இடமில்லை. சிறுநீர் கழிக்கும் துவாரம் வேறு என்பதால், அதற்காக டாம்பனை எடுக்க வேண்டியதில்லை. நூலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டால் போதும்.

இனி மெய்யான அபாயத்துக்கு வருவோம். 1970-களின் பிற்பகுதியில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ‘ரிலை’ என்ற டாம்பனை வெளியிட்டது. அபாரமாக உறிஞ்சும் அச்சரக்கை அதிக நேரம் உள்ளேயே வைத்திருக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. அதே காலத்தில் இளம்பெண்கள் பலர் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள், சிலர் மாண்டார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சே இதற்குக் காரணம் என்பதும், உறிஞ்சும் சக்தி மிக்க டாம்பன்கள் அதற்கு இடங்கொடுக்கின்றன என்பதும் ஆராய்ச்சியில் வெளியாகவே, 1980 செப்டம்பரில் ‘ரிலை’ சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்னும் இந்நோய் இன்று மிக அபூர்வம். ஆயினும் அந்நச்சை எதிர்க்கும் சக்தி சரீரத்தில் இன்னும் உண்டாகாத இளம்பிராயத்தினரே அதற்கு அதிகமாக இலக்காகிறார்கள் என்பதால், முதன்முறை உபயோகிப்பவர்கள் அதை அறிந்திருத்தல் அவசியம். நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். எட்டைத் தாண்டவே கூடாது. அதற்கு மேல் உறங்கும் வழக்கமுள்ளவர்கள் இரவில் நாப்கினையே நாடலாம். போக்கு குறைந்த நாளில் பெரிய அளவைப் பயன்படுத்துவதும், வெள்ளைப்படுதலுக்காக வைத்துக்கொள்வதும் தவறு. எடுக்கும்போது உலர்ந்து பிடித்திழுத்தால், அளவைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். திடீர்க் காய்ச்சல், வாந்தி, பேதி, தலைசுற்றல், வெயிலில் கன்றியது போன்ற தோற்சிவப்பு இவை கண்டால் உடனே அதை அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதோடு, டாம்பன் வைத்திருந்த செய்தியையும் வைத்தியரிடம் கூசாமல் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் போட்ட ஒன்றை எடுக்க மறந்துவிடுவது பலருக்கும் நேர்வதுண்டு. துர்நாற்றமே பிறகு அதை நினைவூட்டும். குந்தி அமர்ந்து முக்கினாலே நூல் பெரும்பாலும் கைக்கு எட்டும்; எட்டாவிட்டால் மருத்துவர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார். எடுத்ததைக் கழிவறைக்குள் போட்டு நீர் விடாமல், காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட வேண்டும் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். நம் கல்லூரிகளிலும் பஸ் நிலையங்களிலும் பெண்கள் கழிவறைக்குள்ளேயே மூடியுள்ள ஒரு கூடையை வைக்க வேண்டியவர்கள் அதையும் வைத்தால்தான், எழுதியபடி நடக்கப் பெண்களால் முடியும்.