அந்தியேட்டி மலரும் முதுமாணி ஆய்வேடும்

ஒருவர் இறந்த 31ஆம் நாள் காலையில் கீரிமலையில் அந்தியேட்டி. பிறகு வீட்டில் மதிய போசனம். சாப்பிட்டு எழும்புபவர் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர். நினைவு மலர் என்றும் சொல்வோம். இறந்தவரின் படம், வம்சாவளி, தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். விலை இல்லை, ஐ.எஸ்.பி.என். எண் இல்லை, பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் இல்லை. இதை நூலகத்தில் எந்தத் தட்டில் வைப்பது, யார் பெயரில் பதிவது? இப்படியான கேள்விகளுக்கு முறையாக விடை தேடும் படிப்புத்தான் நூலகவியல். முழுநேர வேலையோடு அதில் முதுமாணி செய்ய எண்ணும் கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கத்து ஆட்களுக்காக இந்தக் குறிப்பு.

முதலில் வழிகள். 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். அது நல்ல அத்திவாரம், ஆனால் முதுமாணி அல்ல. பட்டப்பின் படிப்புக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக தகவல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, 1999இல் அமைந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் எங்களிடமிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, திங்கள் விடிய வந்திறங்கி, முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிற வாழ்க்கையை எத்தனை மாதம் தாங்கலாம் என்று விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். எந்த வகுப்பு நேரில், எது இணையவழி, எந்த மொழியில் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடம் எந்த மொழியில் நடந்தாலும் வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இந்திய நிறுவனங்கள் தொலைக்கல்வியில் இதைக் கற்பிக்கின்றன. பயணம் மிச்சம். ஆனால் இலங்கையிலிருந்து சேரலாமா, அந்தப் பட்டத்தை உங்கள் நியமனத்துக்கோ பதவி உயர்வுக்கோ ஏற்பார்களா என்பதற்குக் கடிதத்தில் பதில் வாங்கிய பிறகே காசு கட்டுங்கள். "ஓம், ஏற்பினம்" என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது குறை என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அதற்குப் பிறகே லண்டன் போய் இந்தத் தொழிலைக் கற்றார். வாசகரின் நேரத்தைச் சேமி என்று விதி எழுதினார். வேலை பார்க்கும் மாணவரின் நேரத்துக்கு ஒரு விதி எழுதாமல் விட்டுவிட்டார்!

நூலகத்தில் வேலை என்றால் பாதிப் படிப்பு பகலிலேயே முடிந்துவிடும். டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811 என்று இரவில் படித்ததை மறுநாள் புத்தக முதுகில் ஒட்டிப் பார்க்கலாம். வேறு வேலையில் இருப்பவர்கள், நியூசிலாந்தில் 2000இல் ஓடத் தொடங்கிய 'கோஹா' நூலக மென்பொருளை இலவசமாக இறக்கி, ஊர்ச் சனசமூக நிலையத்தின் நூறு புத்தகங்களைப் பட்டியலாக்கிப் பழகலாம். ஆடி அமாவாசை வாரத்தில் மட்டும் ஒப்படை எழுதத் திட்டம் போடாதீர்கள். கீரிமலைக்கு வரும் உறவுக்காரர் உங்கள் வீட்டில்தான் தேத்தண்ணி குடிப்பார்கள்.

பலர் பாதியில் நிற்பது ஆய்வேட்டில். அதற்காகத்தான் கல்வெட்டில் தொடங்கினேன். அதையே ஆய்வுப் பொருளாக எடுத்தால் தரவு தேடித் தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. எங்கள் வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தபோது பத்திரங்களும் படங்களும் வீட்டோடு போயின. சில குடும்பங்களுக்கு முன்னோர் பெயர் அச்சிலிருப்பது இந்த மலரில் மட்டுமாக இருக்கலாம். முன்னோடிகளும் உண்டு: என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியல் தொகுதிகளில் தொகுதிக்கு 1000 நூல்களாகப் பதிந்திருக்கிறார். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் நினைவு மலர்களையும் மின்வடிவில் பார்க்கலாம். இருநூறு மலர்களைச் சேர்த்து ஊர், ஆண்டு, அச்சகம், உறவுமுறை என்று விவரம் பிரித்தாலே ஒரு ஆய்வுக்குப் போதும். எடுத்துவந்த மலரைத் திருப்பிக் கொடுக்கும் திகதியை மட்டும் முதல் நாளே குறித்துவையுங்கள்.