பாசறைப் பையில் இருக்கவேண்டிய ஒரு தாள்

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்; படகில் சில நிமிடம். ஆனால் பவளப்பாறைக்கு மேல் நீந்தும் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால் கணக்கே வேறு. தண்ணீரிலிருந்து தூக்கி, படகேற்றி, கரைசேர்த்து, வாகனம் பிடித்துத் திருகோணமலை நகரத்து வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

பிள்ளைக்கு வலிப்பு வருவதுண்டு என்பது பாசறைப் பொறுப்பாசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளையைக் கரையில் உட்காரவைக்கத் தேவையில்லை. வைத்தியர் சம்மதித்தால், உயிர்காப்பு அங்கி மாட்டி, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரைக் கையெட்டும் தூரத்தில் விடலாம். தரையில் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

சாரணர் பாசறைகள் திருகோணமலைக்குப் புதியவை அல்ல. 2024 பெப்ரவரியில் பத்தாவது தேசிய சாரணர் ஜம்போறியே இங்குதான் நடந்தது. அதற்கு முந்தைய ஓகஸ்டில், தென்கொரியாவின் சேமாங்கும் உலக ஜம்போறியில் நூற்றுக்கணக்கானோர் வெயிலால் நோயுற்றதை உலகமே பார்த்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கன்னியாவையோ கந்தளாயையோ சுற்றிவரும் பிள்ளைக்கும் அதே வெயில்தான். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் பிள்ளை அதிக தூரம் நடந்து, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கிவிடும். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் வெயில் களைப்பு போலவே தோன்றும். நிழலில் படுக்கவைத்தால் மட்டும் போதாது. விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும். காரணம் தெரிந்தவருக்கே கை சரியான இடத்துக்குப் போகும்.

அமெரிக்கச் சாரணர்கள் ஆண்டுதோறும் மருத்துவப் படிவம் நிரப்புகிறார்கள். 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட பாசறை என்றால் வைத்தியரின் பரிசோதனையும் வேண்டும். நம்மிடம் தகவல் இல்லாமலில்லை. குழந்தைப் பருவச் சுகாதாரப் பதிவேடு, பாடசாலை மருத்துவப் பரிசோதனை, கிளினிக் கொப்பி என்று எல்லாம் உண்டு. பிள்ளையோடு காட்டுக்கு நடக்கும் ஆசிரியரின் பைக்கு மட்டும் அது வந்துசேர்வதில்லை.

பெற்றோர் மறைப்பதும் உண்டு. முட்டு என்று சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். பெண்பிள்ளைக்கு வலிப்பென்றால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது பிரச்சினை வருமோ என்ற கவலை. இந்தப் பயத்தைப் போக்கவேண்டியது பாடசாலைதான். “சொல்லுங்கோ அம்மா, சொன்னதுக்காகப் பிள்ளையை நிப்பாட்ட மாட்டம்” என்று ஆசிரியர் முதலில் வாக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

ஆசிரியரின் பையில் இருக்கவேண்டிய அந்தத் தாளில் நோயின் பெயர் மட்டும் போதாது. எப்போது வரும், என்ன செய்யவேண்டும், பம்ப் எந்தப் பையில் இருக்கிறது, எந்த மருந்து ஒவ்வாது, யாரை அழைப்பது என்பதெல்லாம் வேண்டும். தமிழும் சிங்களமும் புழங்கும் மாவட்டம் இது; இரு மொழியிலும் எழுதினால் வழியில் சந்திக்கும் எந்த வைத்தியருக்கும் உதவும். மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியில் உள்ளபடியே பிரதிசெய்வது நல்லது.

தாள் யார் கைக்குப் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட பாதுகாப்புக்குரியவையாக வைத்திருக்கிறது. படிவத்தைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. பொறுப்பாசிரியரிடமும் முதலுதவியாளரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால் போதும்; பாசறை முடிந்ததும் இரண்டையும் பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.