அத்திவாரத்திலேயே அறிவித்தல்

தன் காணியில் வீடு கட்டுவது தன் சொந்தக் காரியம் என்றே பலரும் கருதுவர். ஆயினும், சுவர் எழுந்ததும் அது அயலாரின் காரியமாகவும் ஆகிவிடுகின்றது. அயல் வீட்டின் காற்றும் வெளிச்சமும், மழைநீர் ஓடும் வாய்க்காலும், தீயணைப்பு வண்டி புகவேண்டிய ஒழுங்கையும் அச்சுவரினால் கெடக்கூடும். 2017 ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டிடமொன்று இடிந்து வீழ்ந்து உயிர்ச்சேதம் விளைந்தபொழுது, அங்கீகாரமற்ற கட்டிடங்களைப் பற்றிய கவலை நாடெங்கும் எழுந்தது.

இலங்கையில் இதற்கான சட்டம் புதியதன்று. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இரண்டு படிகளை வகுத்தது. கட்டத் தொடங்குமுன் வரைபடத்துக்கு அங்கீகாரம் பெறுதல் முதற்படி. குடிபுகுமுன், கட்டிடம் அவ்வரைபடத்துக்கு அமைந்துள்ளது என்னும் சான்றிதழைப் பெறுதல் இரண்டாம் படி. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அனுமதியற்ற வேலையை நிறுத்துமாறு அறிவித்தல் கொடுக்கவும், பணியாதவிடத்து நீதவானிடம் இடித்தகற்றும் கட்டளையை வேண்டவும் வழிசெய்தன.

ஆனால், சபையின் உத்தியோகத்தர் எல்லா ஒழுங்கைகளிலும் நாள்தோறும் நிற்றல் இயலாது. வாய்க்காலின் மேல் தூண் எழும்புவதையும், சதுப்பு நிலம் இரவோடிரவாக நிரப்பப்படுவதையும் முதலிற் காண்பவர் அயலவரே. ஆதலின் அவரது முறைப்பாடு பெறுமதி உடையது.

முறைப்பாடு எழுத்தில் அமைதல் நன்று. இடத்தின் விலாசம், வேலை தொடங்கிய நாள், கண்ணாற் கண்டது ஆகிய மூன்றும் தெளிவாக இருத்தல் வேண்டும். பொது வீதியில் நின்று எடுத்த புகைப்படத்தை இணைக்கலாம். பிறர் காணிக்குள் நுழைதல் தகாது. கடிதத்தை மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். நேரிற் கொடுத்துப் பற்றுச்சீட்டும் பெறலாம். பிரதியொன்றைக் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.

அக்கட்டிடத்துக்கு உண்மையில் அங்கீகாரம் உண்டா என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே, “அனுமதியில்லை” என்று குற்றஞ்சாட்டுவதிலும், “அனுமதி உண்டா எனப் பரிசோதிக்குக” என்று கேட்பதே முறை. மறுமொழி வராவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதே வினாவை விண்ணப்பமாக இடலாம். தகவல் வழங்கப்படுமா என்பதை 14 வேலை நாள்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானித்தல் வேண்டும். சுவர் வெடித்தோ சரிந்தோ உடனடி ஆபத்துத் தோன்றின், கடிதத்துக்குக் காத்திராது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வேலிச் சண்டைக்கு இவ்வுரிமையை ஆயுதமாக்குவோரும் உளர். பொய் முறைப்பாடு உத்தியோகத்தரின் நேரத்தை வீணாக்குவதோடு, மெய்யான முறைப்பாட்டின் மதிப்பையும் குறைத்துவிடும்.

அறிவித்தால் அயலாரோடு பகை வருமே என்று அஞ்சி மௌனமாயிருப்போரே மிகப் பலர். ஆனால் அத்திவாரத்தில் நிறுத்தப்பட்ட வேலையால் உரிமையாளர் இழப்பது சில மூடை சீமெந்தே. கூரை வேய்ந்தபின் இடிக்கப்படும் வீட்டால் அவர் இழப்பது வாழ்நாட் சேமிப்பு. எனவே, காலத்தோடு சொல்லும் சொல் அயலூர் வாய்க்காலை மட்டுமன்றி, கட்டுபவரையுங் காக்கும்.